துளிர்க்காத சைப்ரஸ்

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. கிழடுதட்டிய தேயிலையை அவர் முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டு வந்தால், இரண்டே மாதத்தில் மலை பச்சையாகிவிடும். அந்தக் கைராசிதான் எங்களுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குக் கீழே, அவர் மனைவி துரைசாணி தன் குழந்தையை அடக்கம் செய்த இடத்தில், தன் கையாலேயே நட்டு வளர்த்த சைப்ரஸ் மரம் ஒன்று நின்றது. சீமைக்குக் கப்பலேறும்போது அதை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். என் தம்பி காய்ச்சலில் போனதும் அந்த வருஷம்தான். அவனைப் புதைத்த சரிவில் மழை விடுவதற்குள் தேயிலைக் கன்று வைத்துவிட்டார்கள். எந்த இடம் என்று அம்மாவாலேயே சொல்ல முடியவில்லை.

காற்று அடித்து அடித்து சைப்ரஸின் ஒரு பக்கம் காய்ந்து செம்பட்டையாகிவிட்டது. அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. தேயிலையை வெட்டுவதுபோலவே கிளைகளை அடியோடு ஒட்ட வெட்டிவிட்டார். அதே வாரம் அவர் வெட்டிய தேயிலை மலையெல்லாம் இரண்டு மாதத்தில் கொழுந்து விட்டது. சைப்ரஸ் மட்டும் விறகுக்கட்டை மாதிரி நின்றது. பச்சை இலை இருக்கும் பகுதியைத் தாண்டி வெட்டினால் அந்த மரம் மறுபடி துளிர்க்காது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? ஞாயிறுதோறும் நானும் அவரும் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். எப்படியும் தோட்டத்தைவிட்டு விரட்டிவிடுவார்கள் என்று அம்மா சட்டி பானையை மூட்டை கட்டி வைத்தாள்.

துரைசாணி திரும்பி வந்த அன்று அப்பா கவ்வாத்துக் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாங்க வெட்டுனேன். துளிர்க்கும்னு நெனச்சேங்க."

துரைசாணி வெகுநேரம் அந்தக் கட்டையைத் தடவியபடி நின்றார். பிறகு தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "புடுங்க வேணாம். இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

தப்பித்தோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மூட்டையை அவிழ்த்தாள். அடுத்த ஞாயிறும் அப்பா குடத்தைத் தூக்கியபோது, செத்த மரத்துக்கு எதுக்குப்பா தண்ணி என்று சிரித்தேன். பளாரென்று ஓர் அறை விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததே இல்லை. மரத்தை வெட்டினது அவர், அடி எனக்கா என்று அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

சாகும்வரை அவர் அந்தக் கட்டைக்குத் தண்ணீர் ஊற்றினார். தம்பிக்கென்று போய் நிற்க அவருக்கு வேறோர் இடம் இல்லை என்பது, நானும் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.