வலிக்காத பனியன்

பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பிள்ளைகள் வேன் மாமா என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றவர்களும், பெற்றவர்களைப் பார்த்துத் தெருவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது. அவருடைய மனைவி தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அவள் எல்லாருக்கும் ஜெராக்ஸ் அக்கா. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத வீடு என்று இரண்டு பேரும் தங்களுக்குள் சிரித்துக்கொள்வதுண்டு.

பனியனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் பேசியதில்லை. வீட்டுச் சாமான் வாங்கப் போகும்போது, சோப்புக்கும் துடைப்பத்துக்கும் நடுவே கையில் அகப்பட்டதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வருவாள். அவர் அதை அக்குள் கிழியும்வரை போடுவார். கிழிந்த பிறகும் போடுவார். "காத்து வரணுமில்ல" என்பார் கேட்டால். நூல் நூலாகப் போன பிறகு அது வேனின் முன்கண்ணாடி துடைக்கப் போய்விடும். முரட்டு உடம்பு அவருக்கு. இன்ஜின் சூட்டில் கை பட்டால் ஒரு ஊது ஊதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற ஆள்.

அப்படிப்பட்டவருக்கு அக்கி வந்தது. இடது மார்புக்குக் கீழே தொடங்கி, விலாவைச் சுற்றி, முதுகெலும்புவரை பட்டை கட்டினாற்போல் கொப்புளம். விடுப்புப் போட்டுப் படுத்தார், மருந்து சாப்பிட்டார். கொப்புளம் உடைந்து காய்ந்து, பொருக்கும் உதிர்ந்தது. விட்டது சனியன் என்று அவள் மூச்சுவிட்டாள். வேலைக்குத் திரும்ப வேண்டிய அன்று காலையில் அவர் சட்டையை மாட்டினார். மாட்டிய வேகத்தில் கழற்றி எறிந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"உள்ள என்னவோ இருக்கு பாரு. எறும்பு மாதிரி."

அவள் சட்டையை உதறினாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். எறும்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேறு சட்டை எடுத்துக் கொடுத்தாள். அதிலும் அதே எறும்பு.

டாக்டரம்மா விலாவை விரலால் தொடக்கூட இல்லை. ஒரு பஞ்சை எடுத்து லேசாக வருடினார். அதற்கே அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புண்ணு ஆறிடுச்சு. உள்ள இருக்கற நரம்பு ஆறல. துணி பட்டாலும் அதுக்கு நெருப்பு பட்ட மாதிரிதான் தெரியும்."

"எப்ப ஆறும் டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"சிலருக்கு சில மாசம். சிலருக்கு வருஷக்கணக்கா இருக்கும். இவருக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாதும்மா."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அதற்காகக் கும்பிடுவதா, சண்டைக்குப் போவதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கொடுத்த மாத்திரை வலியைப் பாதி குறைத்தது; கண்ணை முழுசாகச் சொருக வைத்தது. வேன் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் ஓட்ட முடியாது என்று, பகல் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். மறுபடி போனபோது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: "தொளதொளன்னு சட்டை உரசிக்கிட்டே இருக்கறதுதான் தொந்தரவு. உள்ள மெத்துனு, உடம்போட ஒட்டினாப்ல ஒரு பனியன் போட்டுப் பாருங்க. சிலர் தேவலைன்னு சொல்றாங்க."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. நரம்பை ஆற்ற அவளால் முடியாது. வலியில் பாதியை வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. பனியன் வாங்க முடியும். இத்தனை வருஷமாக வாங்கிக்கொண்டிருப்பவள்தானே.

கடைத்தெருவில் உள்ளாடை மட்டுமே விற்கிற ஒரு கடை இருந்தது. ரயில்பெட்டி மாதிரி நீளமாக, இரண்டு பக்கமும் அட்டைப்பெட்டிகள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு விற்பனைக்காரர் எழுந்து வந்தார்.

"யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்கு."

"கை வச்சதா, கையில்லாததா?"

"எது ரொம்ப மெதுவா இருக்குமோ அது."

"எல்லாமே மெதுதாம்மா. முரடா இருக்குன்னு சொல்லி எவன் விக்கறான்?"

அப்படிச் சொன்னாலும் நல்ல மனிதர். பெட்டி பெட்டியாக இறக்கிப் போட்டார். கோடு கோடாகப் பின்னியது நன்றாக இழுபடும், ஆனால் உடம்பில் கோடு பதியும். வழவழப்பாக இருப்பது தொட்டால் சுகம், வேர்வையைக் குடிக்காது. சுத்தப் பருத்தி வேர்வையைக் குடிக்கும், நாளாக நாளாகத் தொங்கிப்போகும். அவள் ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தாள். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி, பக்கவாட்டுத் தையலில் விரலை ஓட்டினாள். அக்குளிலிருந்து இடுப்புவரை கயிறு மாதிரி இறங்கியது. சரியாக அந்தப் பட்டையின் மேல்தான் விழும். இத்தனை வருஷம் வாங்கியும் பனியனுக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பது அவளுக்கு இன்றுதான் கண்ணில் பட்டது.

"அண்ணே, இந்தத் தையல் இல்லாம வராதா?"

"தையல் இல்லாம பனியன் எப்படிம்மா நிக்கும்?" என்றவர் சற்று யோசித்து, ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "இது குழாய் மாதிரி பின்னினது. பக்கத்துல தையல் கிடையாது. தோள்ல மட்டும்தான். யாரும் அவ்வளவா கேக்கறதில்ல."

"போட்டுப் பாத்துட்டு ஒத்துக்கலன்னா மாத்திக்கலாமா?"

"உள்ளாடைய எப்படிம்மா திரும்ப வாங்கறது?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, துடைத்து, மறுபடி நெற்றியிலேயே ஏற்றினார்.

"என் மாமனாருக்கு வந்துச்சும்மா. இதேதான்."

"எப்ப சரியாச்சு?"

அவர் கலைந்து கிடந்தவற்றை மடிக்க ஆரம்பித்தார். "அவரு வயசானவரு. உங்க வீட்டுக்காரரு சின்ன வயசுதானே" என்றார்.

அவள் ஒவ்வொரு தினுசிலும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவர் கண்ணாடி முன் கையைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நிற்க, அவள் கழுத்தை அகல விரித்து, விலாவில் படாமல் இறக்குவாள். இறக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் எதிரே உள்ள சுவரைப் பார்ப்பார்.

"எப்படி இருக்கு?"

"தேவலை."

தேவலை என்று வாய் சொல்லும். கழுத்து நரம்பு வேறு சொல்லும். கோடு போட்டது உப்புத்தாள் மாதிரி இருந்தது. வழவழப்பானது முதலில் குளுகுளுவென்று இருந்து, வேர்த்ததும் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தோலையே உரித்தது. குழாய்ப் பனியன்தான் கொஞ்சம் நின்றது. விலாப்பக்கம் உள்ளே தைத்திருந்த கம்பெனிச் சீட்டு குத்துகிறது என்று அதைக் கத்தரித்தாள். கத்தரித்த மிச்சம் குத்தியது. ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நூலாகப் பிடுங்கினாள். பிறகும் புதுத்துணியின் மொடமொடப்பு இருந்தது. ஊற வைத்தாள், அலசினாள், கசக்கிக் கசக்கிப் பிழிந்தாள். பனியன் வெளுத்ததுதான் மிச்சம்.

ஒருநாள் கண்ணாடி துடைக்கப் போட்டிருந்த பழைய பனியனை அவர் எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை அது அவர் மேல் இருந்தது. எழுந்தபோது டர்ரென்று கிழிந்து கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. துவைத்தால் போதாது, ஒரு உடம்பு போட்டுப் பழகினால்தான் துணி பழசாகும். அதற்கு அவர் உடம்பு ஆகாது. வேறு யாருடைய உடம்பைக் கேட்பது?

மறுநாள் குழாய்ப் பனியனைத் தன் சுடிதாருக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். பகலெல்லாம் ஜெராக்ஸ் மெஷினின் அனல் வேறு. வேர்த்து ஊற்றியது. வழக்கமாக வருகிற டீச்சர் ஒருத்தி, "என்னக்கா, கொஞ்சம் சதை போட்டுட்டீங்க போல" என்றாள். "ஆமா, சுகவாசி" என்று சொல்லிவிட்டுத் தாளை அடுக்கினாள். சாயங்காலம் துவைத்துக் காயப்போட்டு, காலையில் மறுபடி அதையே மாட்டிக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து அவர் அலமாரியைக் குடைந்தார். "அந்தத் தையல் இல்லாத பனியன் எங்க?"

அவள் தன் சுடிதாரின் கழுத்தை லேசாக விலக்கிக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் விலா இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, "சிரிக்க வைக்காதடி, உயிர் போகுது" என்றார். அவளும் சிரித்தாள். எத்தனையோ நாளாயிற்று அந்த வீட்டில் சிரித்து.

பழகிய பனியனைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். ஒரு வாரம் ஓடியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு ஓடிப்போய் அதே தினுசில் இன்னும் இரண்டு வாங்கி வந்தாள். அடுத்த வாரம் அனல்காற்று அடித்த ஒரு மதியத்தில், வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மாமா வண்டிய ஓரமா நிறுத்திட்டாரு. பொத்தானெல்லாம் கழட்டிட்டு ஸ்டீரிங்ல தலைய வச்சுக்கிட்டாரு. கூப்பிட்டா பேசமாட்டேங்கறாரு. பிள்ளைங்க பயப்படுதுங்க."

மெஷினை அணைக்காமல்கூடப் போய்விட்டாள். வேனுக்குள் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. ஒரு பொடிசு மட்டும் அவளிடம், "மாமா அழறாரு" என்று மெதுவாகச் சொன்னது. அவர் தலை நிமிரவில்லை. முதுகில் கை வைக்கப் போனவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். எங்கே தொட்டால் வலிக்காது என்று அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. கடைசியில் முழங்காலில் கை வைத்தாள். வேன் முதலாளி தானே வந்து பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும்வரை அப்படியே நின்றாள்.

முதலாளி கோபப்படவில்லை. "உடம்ப பாத்துக்கங்க. வண்டி எங்க போயிடப்போகுது" என்றார். வண்டி எங்கேயும் போகவில்லைதான். ஓட்டுகிற ஆள்தான் மாறினார்.

அதற்குப் பிறகு அவர் வெற்றுடம்போடு வீட்டிலேயே இருந்தார். யாராவது கதவைத் தட்டினால் உள்ளே போய்விடுவார். அவள் விடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று குழந்தைத் துணி விற்கும் கடையில் மெல்லிய துணி வாங்கி, விலாவைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். மூங்கில் நூலில் செய்தது என்று ஒன்றைத் தேடி வாங்கினாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் எதிரே நின்ற அன்று அவர் கையைத் தூக்கவில்லை.

"போதும். விடு."

"இத ஒரு தடவ பாக்கலாங்க."

"நீ கையில ஒண்ணோட வந்து நிக்கறப்பல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லணும்னு இருக்கு எனக்கு. வலிய தாங்கிக்கலாம். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் பொய் சொல்றது தாங்கல."

அவள் பனியனை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்ததை மறுபடி மடித்தாள். "வேற என்னங்க பண்ணுவேன் நான்?" என்றாள்.

அவர் வலது கையை நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இடப்பக்கமே உட்கார்ந்து பழகியவள், சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள். மூங்கில் பனியன் உறை பிரித்தபடியே நாற்காலியில் கிடந்தது.

பழைய சிநேகிதர் ஒருவர் மூலமாக, ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையில் அவருக்கு வேலை கிடைத்தது. மோட்டாரைப் போட வேண்டும், நிறுத்த வேண்டும், இடையில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அறையில் வேறு ஆள் கிடையாது; சட்டையை ஆணியில் மாட்டிவிடலாம். அதிகாரி யாராவது வந்தால் போட்டுக்கொண்டு, அவர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொள்வார். எப்போதாவது வேன் அந்தப் பக்கம் போகும். பிள்ளைகள் ஜன்னலில் கையை நீட்டி மாமா மாமா என்று கத்தும். 

வலி போகவில்லை. முன்பு மாதிரியும் இல்லை. சில நாள் மத்தியானம்வரை பனியன் தாங்குகிறது. சில நாள் வாசல்வரைக்கும் தாங்குவதில்லை. எதனால் நல்ல நாள், எதனால் கெட்ட நாள் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். வெயிலா, சாப்பாடா, சோப்பா, ஒன்றும் பிடிபடவில்லை.

குழாய்ப் பனியன்கள் தேய்ந்து சல்லடையாகிவிட்டன. அவள் மறுபடி கடைக்குப் போனாள். விற்பனைக்காரர் அதே பெட்டியைத்தான் இறக்கினார். உறையைப் பிரித்தால் பக்கத்தில் கயிறாகத் தையல்.

"அதே பேரு, அதே பெட்டிதாம்மா. கம்பெனிக்காரன் துணிய மாத்திட்டான். பழசு வேற எங்கயும் இல்ல, விசாரிச்சுட்டேன்."

"முன்னாடி மாதிரி செய்யச் சொல்லி நீங்க சொல்ல முடியாதாண்ணே?"

"நான் யார்கிட்டம்மா சொல்லுவேன்?" என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் அதையே வாங்கி வந்தாள். வழக்கம்போல் உள்பக்கத்தைத் திருப்பித் தடவிக்கொண்டிருந்தபோது, "அப்படியே குடு" என்று அவராகவே கையை நீட்டினார். தையல் வெளியே இருக்க, உள்பக்கத்தை வெளிப்பக்கமாக மாட்டிக்கொண்டார். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றார். தேவலை என்று சொல்லவில்லை. அவளும் அவர் கழுத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அப்படித்தான் வேலைக்குப் போகிறார், சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு. தெருவில் யாராவது நிறுத்தி, "மாமா, பனியனைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று சொல்லாத நாள் இல்லை. முதலில் அக்கி, நரம்பு என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதனால் இப்போதெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, "அடடே, அவசரத்துல கவனிக்கல" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.