கறாரும் ரப்பர் புஷ்ஷும்

கார்ப் பட்டறைக்காரரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கறார்' என்றால் போதும், கைகாட்டிவிடுவார்கள். வேலையிலும் பேச்சிலும் நூல் பிடித்தாற்போல இருப்பார். அவருக்கு ஆகவே ஆகாத சொல் 'ஆட்டம்'. ஸ்டீயரிங்கில் நூலளவு ஆட்டம் இருந்தாலும் வண்டியை வெளியே விட மாட்டார்.

பட்டறைக்கு மேல்மாடியில் அவருடைய அக்கா இருந்தார். கணவரை இழந்தவர். சிறுநீரகம் கெட்டுப்போனதால் ரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முழங்கால் மடங்காது. புதுக் கார்களில் குனிந்து நுழைய முடியாது. அத்தான் விட்டுப்போன நாற்பது வருடத்துக் கார்தான் தோது. அகலமான கதவு, நாற்காலி மாதிரி உயரமான சீட்டு. ஓட்டுவது தம்பி.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா கட்டிலைவிட்டு எழவில்லை.

"இனிமே வண்டிய எடுக்காதடா. நான் வரல."

"ஏன்க்கா, டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"அவர் என்ன சொல்லப் போறாரு? எனக்கே போதும்னு இருக்கு."

போகாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். தம்பி கெஞ்சினார். "இன்னிக்கு மட்டும்" என்று கடைசியில் அக்கா இறங்கி வந்தார். வழியெல்லாம் பேசிப் பார்க்கலாம் என்று ஸ்டீயரிங்கைப் பக்கத்துக் கடை லேத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, கறார் பின்சீட்டில் உட்கார்ந்து முன்சீட்டிலிருந்த அக்காவின் தோளில் கை வைத்துக்கொண்டார்.

பேச்சு முதல் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. சக்கரம் இறங்கிய நொடியில் அந்தத் தோள் கல்லாக இறுகியது. அடுத்த பள்ளத்துக்கு முன்பே இறுகிவிட்டது. பள்ளங்கள் எங்கே வரும் என்று அக்காவின் உடம்பு மனப்பாடமாக வைத்திருந்தது.

"யோவ் கறாரு, என் பல்லே ஆடுது. முன்னாடி என்னத்தப் போட்டு வச்சிருக்க, கருங்கல்லா?" என்றார் லேத்துக்காரர்.

போட்டது என்னவென்று கறாருக்குத் தெரியும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் சட்டத்தோடு சேரும் இடத்தில், இரும்போடு இரும்பு மோதாமலிருக்க ஒரு வளையம் இருக்கும். அதுதான் புஷ். போன வருடம் அங்கே இருந்த ரப்பரை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் போலக் கெட்டியான பாலி புஷ் போட்டிருந்தார். "ஆயுசுக்கும் ஆட்டம் கிடையாது" என்று தெருவெல்லாம் பெருமையடித்தார்.

"ஏன்க்கா சொல்லல?"

"அவ்வளவு ஆசையா பண்ணி வச்ச. எப்படிடா சொல்றது? ஊசி வலிகூடப் பழகிப்போச்சு. இந்த ரோடுதான் பழக மாட்டேங்குது."

மறுநாள் உதிரிபாகக் கடையில் கறார் ரப்பர் புஷ் கேட்டபோது கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நீங்களா? ரப்பரா?"

"எடுங்க சார்."

"கெட்டி ரப்பர் தரட்டுமா? சாதா ரப்பர் மாதிரி ஸ்டீயரிங் ஆடாது."

கறார் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கெட்டி ரப்பர் விரலைத் திருப்பித் தள்ளியது. சாதா ரப்பர் கொஞ்சம் அமுங்கிக்கொடுத்தது. "ஆடட்டும்" என்று சாதா ரப்பரை எடுத்துக்கொண்டார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கடைக்காரரால் நம்ப முடியவில்லை.

மத்தியானத்துக்குள் மாட்டி முடித்துத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. குலுக்கலும் குறைந்தபாடில்லை. அப்போதுதான் உறைத்தது. பாலி புஷ் தன் இடத்தில் வழுக்கிச் சுற்றும். வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தே நட்டை முறுக்கிவிடலாம். ரப்பர் சுற்றாது, முறுகும். சக்கரம் தொங்கும்போது நட்டை முறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் அது முறுகியே கிடக்கும். பாலி போட்டுப் பழகிய கை, பழையதை மறந்து ஜாக்கியிலேயே முறுக்கிவிட்டிருந்தது.

தலையில் குட்டிக்கொண்டு திரும்பினார். நட்டுகளைத் தளர்த்தி, வண்டியைப் பட்டறைக் குழிக்கு மேல் நான்கு சக்கரத்திலும் நிறுத்தினார். பிறகு மாடிக்குப் போய் அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து அவருடைய சீட்டில் உட்கார வைத்தார். லேத்துக்காரர் ஸ்டீயரிங் பக்கம் ஏறினார்.

"எதுக்குடா இது?"

"நீங்க உக்காந்திருக்கும்போதுதான் முறுக்கணும்க்கா. உங்க எடையில அது எப்படி நிக்குதோ, அதுதான் அளவு."

"என் தொப்பையையும் அளவுல சேத்துக்கய்யா" என்றார் லேத்துக்காரர்.

கறார் குழிக்குள் இறங்கினார். முதல் நட்டு இறுகியது. இரண்டாவதில் ஸ்பானரை வைத்தபோது மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என் எடை மாசாமாசம் குறைஞ்சிக்கிட்டுத்தானே வருது. அப்ப என்ன செய்வ?"

ஸ்பானர் நின்றது.

"திரும்பவும் தளர்த்தி முறுக்குவேன்" என்றார் கறார், இருட்டுக்குள்ளிருந்து. "எத்தனை தடவை வேணும்னாலும் முறுக்குறேன். நீங்க வந்து உக்காருங்க, அது போதும்."

சீட்டு ஸ்பிரிங் ஒன்று மெல்ல முனகியது.

"நாளைக்கு எத்தனை மணிக்குடா எடுக்கணும்?"

"ஆறரைக்கு."

"நான் ஆறேகாலுக்கே எறங்கிடுவேன். நீ லேட் பண்ணாத."

இன்னும் மூன்று நட்டு பாக்கி இருந்தது. கறார் கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, ஸ்பானரை மறுபடி பிடித்தார்.