டிக்கிக்குள் சுற்றிய ஃபேன்

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் மைத்துனர் வீட்டில் ஒரு பழைய கார் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தேன். பாட்டுச் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும், செங்கல் கனமுள்ள அலுமினியப் பெட்டி. உள்ளே சூட்டைத் தணிக்க வைத்த குட்டி ஃபேன் சுற்றவில்லை. இறக்கையில் படிந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தள்ளி, தனியாக கரண்ட் கொடுத்தேன். முனகியது, தயங்கியது, அப்புறம் சுற்றியது. சூடேறிய தூசியின் வாசனை வந்ததும் மைத்துனர் தும்மினார். எனக்கு இசக்கிமுத்து ஞாபகம் வந்தது.

பல வருடங்களுக்கு முன் மும்பை கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு கார் ஆடியோ கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். இசக்கி தாராவிக்காரன், காரில் பெட்டிகளைப் பொருத்துவது அவன் வேலை. நான் மாட்டுங்காக்காரன், கவுண்டரில் உட்கார்ந்து வருபவர்களிடம் எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசுவது என் வேலை. ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில்கூட அப்போது எனக்குச் சந்தேகம்.

விக்ரோலியிலிருந்து ஒரு டாக்டர் மூன்றாவது முறையாக வண்டியைக் கொண்டுவந்து விட்டார். இருபது நிமிடம் பாடினால் ஆம்ப்ளிஃபயர் கொதித்துத் தானாகவே அணைந்துவிடுகிறது. இசக்கி இரண்டு தடவை ஃபேனை மாற்றிவிட்டான். முதலாளி வாசலில் நின்றே கத்தினார்: "கல் தக் டீக் நஹி ஹுவா தோ மத் ஆனா!" நாளைக்குள் சரியாகவில்லை என்றால் வேலைக்கே வராதே என்று அர்த்தம். அடுத்த மாதம் இசக்கிக்குக் கல்யாணம்.

"மேசையில வச்சா ரெண்டு மணி நேரம் பாடுது. டிக்கியில வச்சா செத்துப் போவுது. நான் என்னலே செய்ய?" என்றான். கண் கலங்கியிருந்தது, அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"டிக்கியைத் திறந்தா?"

"தொறந்தா நல்லாச் சுத்துது. அதான்லே எரிச்சல்."

"அப்போ மூடினப்புறம் உள்ளே என்ன நடக்கறதுன்னு யாராவது பாக்கணுமே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கடையில் இருப்பவர்களில் டிக்கிக்குள் அடங்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது உறைத்தது.

மூன்று தட்டு தட்டினால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தம். டார்ச்சோடு சுருண்டு படுத்தேன். இசக்கி பாட்டைப் போட்டுக்கொண்டு தாதர் பக்கம் ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்திலும் என் மண்டை எங்காவது இடித்தது. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டேன். டிக்கி மூடியின் உள்பக்கம் டாக்டர் புதிதாகத் தடித்த துணி ஒட்டியிருந்தார். பசை விட்டுத் தொங்கிய அந்தத் துணியை ஃபேன் உறிஞ்சித் தன் வாயிலேயே அப்பிக்கொண்டு, காற்று வராமல் திணறிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினால் துணியும் சேர்ந்து போய்விடும். ஃபேன் ஒன்றும் அறியாததுபோல் சுற்றும்.

பரவசத்தில் மூன்றுக்குப் பதில் முப்பது தட்டு தட்டினேன். அது சிக்னலில் நின்ற போலீஸ்காரருக்கும் கேட்டுவிட்டது. டிக்கி திறந்தது. "அந்தர் கியா கர் ரஹா ஹை?" என்றார். உள்ளே என்ன செய்கிறாய் என்ற நியாயமான அந்தக் கேள்விக்கு, வேர்த்து வழிந்தபடி, "ஃபேன் தேக் ரஹா ஹூன் சாப்" என்றேன். ஃபேன் பார்க்கிறேனாம்! அவர் இசக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

துணியைக் கிழித்து எடுத்தபின் ஒரு மணி நேரம் ஓட்டினோம், பாட்டு நிற்கவில்லை. முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. இசக்கிக்கு மட்டும் ஸ்பெஷல் டீ சொன்னார்; அவர் அகராதியில் அதுதான் மன்னிப்பு. கல்யாணத்தில் இசக்கி என்னை மணப்பெண்ணிடம், "இவன்தான் எனக்காவ டிக்கியில ஏறுனவன்" என்று அறிமுகப்படுத்தினான். இன்று அவனுக்குச் சொந்தக் கடை இருக்கிறது. மின்சாரக் கார்களைக்கூடப் பிரித்துப் பார்க்கிறான்.

அப்போதெல்லாம் சரிசெய்த வண்டியைச் சோதிக்க அவன் தாராவியில் தன் சந்து முனையில் நிறுத்துவான். ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் எட்டிப் பார்த்து, "ஏ இசக்கி, அந்தப் பாட்டப் போடு" என்பார்கள். அந்தச் சந்து இப்போது இல்லை. அந்த இடத்தில் எழும்பியிருக்கும் கட்டடத்தில் அவர்களில் பலருக்கு வீடு கிடைத்திருக்கிறது. கண்ணாடி ஜன்னல், நல்ல வெளிச்சம். கீழே வந்து நிற்கும் எந்தக் காரின் பாட்டும் மேலே கேட்பதில்லை.