மட்டம் பார்ப்பவர்

வண்டியை நிறுத்தியதும் அவர் முதலில் இறக்குவது கோல்ஃப் மட்டைகளை அல்ல. சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கார்கள் நிற்கும் தரையில் வைக்கிறார். கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பந்து உருளவில்லை. அடுத்து அதே பையிலிருந்து உள்ளங்கை நீளமுள்ள ரசமட்டம் வெளியே வருகிறது. அதைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்துக் குனிகிறார். பச்சைத் திரவத்துக்குள் குமிழி கொஞ்சம் யோசித்துவிட்டு நடுக்கோட்டில் போய் நிற்கிறது. "ம். உள்ள போலாம்" என்கிறார். பந்து உருண்டிருந்தால் வாசலோடு திரும்பியிருப்போம். அப்படித் திரும்பிய மைதானங்கள் எனக்குத் தெரிந்து மூன்று.

அவர் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்து நான்கு. நான் ஏழாவது மாடி. அவரும் மனைவியும் முதல் மாடி. ஊரில் பாதி லிஃப்ட்டுகளின் உயிரைக் கையில் வைத்திருப்பவர் வீட்டுக்குப் படியேறித்தான் போவார். ஏனென்று கேட்டால், "லிஃப்ட்ல வேலை பாக்கறது வேற, லிஃப்ட்ல போறது வேற சார்" என்பார். இதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

லிஃப்ட் வேகமாகப் போகிறதா, சத்தமில்லாமல் போகிறதா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். கதவு திறக்கும்போது லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். "நாலு மில்லி ஏறி நின்னாப் போதும், யாராவது ஒருத்தர் தடுக்கி விழுவாங்க. வயசானவங்க கண்ணு முன்னாடி பாக்கும், கால் பாக்காது." இருபத்தேழு வருடத்தில் அவர் பொறுப்பில் உள்ள லிஃப்ட் எதிலும் ஒருவர்கூடத் தடுக்கி விழுந்ததில்லை. குடியிருப்பில் அவர் பெயரே 'மட்டம்' என்றாகிவிட்டது. வேறு யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்கு வருவார்கள். இவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

கோல்ஃபும் லிஃப்ட் வழியாகத்தான் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோல்ஃப் கிளப்பில் லிஃப்ட் பழுது. மாற்றுப் பாகம் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். சும்மா நின்றவரிடம் அங்கிருந்த பயிற்சியாளர் ஒரு மட்டையைக் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஏழு முறை காற்றை அடித்தார். எட்டாவது முறை பந்து போனது. அடுத்த வாரமே மனைவியை அழைத்துப்போனார். அந்த அம்மா முதல் அடியிலேயே பந்தை நேராக அனுப்பிவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாராம். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். அன்றிலிருந்து இவர்தான் தோற்கிறார்.

புதிதாக ஆடுகிறவர்கள் பெரிய பேர் வாங்கிய மைதானத்துக்கு ஓடக் கூடாது என்பது அவர் கட்சி. "முதல் நாளே இருபது மாடி கட்டடத்துல கை வைப்பாங்களா? மூணு மாடியில பழகணும்." ஒன்பது குழி போதும், பதினெட்டு வேண்டாம். நீளம் குறைவாக இருக்க வேண்டும். பந்தைத் தண்ணீருக்கு மேலே பறக்கவிட்டே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் குழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. முதல் தடவை மட்டைகளே இல்லாமல் போய், மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வருவார். பார்த்ததை லிஃப்ட் பராமரிப்புப் படிவத்திலேயே எழுதுவார். அச்சடித்த 'கதவு, கயிறு, பிரேக், சத்தம்' என்ற தலைப்புகளைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'வாசல், நடை, தண்ணி, கழிவறை, பின்னாடி வர்றவன்' என்று மாற்றியிருக்கிறார். கடைசித் தலைப்புக்குத்தான் மதிப்பெண் அதிகம். நாம் தட்டுத்தடுமாறி அடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறவர் பொறுமையாக நிற்பாரா, தொண்டையைச் செருமுவாரா? ஒரு மைதானத்துக்கு எதிரே 'செருமல் மூன்று. வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

படிவமும் ரசமட்டமுமாகச் சுற்றிவருகிறவரைப் பார்த்து, யாரோ அரசாங்க ஆய்வாளர் என்று நினைத்து நாற்காலி போட்டுக் குளிர்பானம் கொடுத்த இடமும் உண்டு. குடித்துவிட்டு, கழிவறைக்குப் போகும் படியின் உயரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தார். குறைத்தும் விட்டார்களாம். வீட்டில் மட்டும் ஒருமுறை சிக்கல். சின்னச் சின்னக் குழிகளாக உள்ள ஒரு மைதானத்தைப் பற்றி மாமியாரிடம் போனில், "ஒன்பதும் பார்தான் அத்தை. ஒண்ணு விடாம முடிச்சிட்டுத்தான் வந்தோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். மனைவி போனை வாங்கி, பார் என்பது மதுக்கடை இல்லை, ஒரு குழிக்கு இத்தனை அடி என்ற கணக்கு என்று புரியவைப்பதற்குள் மாமியாருக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவிக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. நாளெல்லாம் நின்றுகொண்டே மரச்சட்டத்தைச் சாய்வாக அறுக்கிற வேலை. "அவருக்கு சைபர் டிகிரி, எனக்கு நாப்பத்தஞ்சு டிகிரி. நான் பொழைக்கறதே சாய்வுலதான்" என்பார். நின்று நின்று இடது முட்டி தேய்ந்துபோய், எட்டு மாதத்துக்கு முன்னால் அறுவை சிகிச்சை செய்து மாற்றுமுட்டி வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த ஒரு மாடிக்கும் மனைவியை லிஃப்டில்தான் ஏற்றுகிறார் இவர். போன மாதம், இனி விளையாடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "ஒரே ஒரு தடவை வர்றேன். முடியலைன்னா மட்டையை வித்துருவேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதிலும் ஒரு நிபந்தனை. முன்பு ஆடிய மைதானம் எதுவும் வேண்டாம். அங்கே போனால், முன்னே எப்படி ஆடினோம் என்று ஒவ்வொரு புல்லும் ஞாபகப்படுத்துமாம்.

அந்த ஒரே ஒரு மைதானத்தைத் தேடியபோதுதான் அவரை நான் முதன்முதலாகக் கவலையோடு பார்த்தேன். எங்கள் மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார். "அவ மட்டையை வித்துட்டா நான் யார்கிட்ட சார் தோக்கறது?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வாரம் பார்த்து ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்குக் கயிறு மாற்றும் வேலை. நேரில் போய் மைதானம் பார்க்க நேரமே இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டு போனிலேயே விசாரித்தார். விசாரித்த லட்சணம் எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன்.

"வணக்கம்ங்க. உங்க மைதானம் மட்டமா?"

எதிர்முனையில் குரல் உயர்ந்தது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. நல்ல மட்டமா இருந்தா வரலாம்னு."

"என்ன சார், காலங்காத்தால போன் போட்டு மட்டம் தட்டறீங்க?"

வைத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். பிறகு அவர் போனை விட்டுவிட்டு எண்களிடம் போனார். ஒவ்வொரு மைதானத்துக்கும் ஸ்லோப் என்று ஒரு எண் உண்டு. மூன்று வருடமாக அதைத்தான் படிவத்தின் மூலையில் 'சரிவு' என்று எழுதிவருகிறார். இருப்பதிலேயே குறைந்த எண், எண்பத்தெட்டு. அந்த மைதானம் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது. "ஸ்லோப்னா சரிவுதானே சார்? இவ்வளவு கம்மியா நான் பாத்ததே இல்ல. தரை கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று அன்றே இடம் பதிந்தார். வார நாளில் கூட்டம் இருக்காது என்பதால், இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக வேலைக்கு மட்டம் போட்டார்.

நானும் போனேன். பின்சீட்டில் நான், என் மடியில் பாதி மட்டைகள். கடைசி அரை மணி நேரம் கார் ஏறிக்கொண்டே போனது. அவர் கியரை மாற்றிக்கொண்டே இருந்தார். காது அடைத்தது. அப்போதும் கியரைத்தான் மாற்றினார். வந்து இறங்கி, பந்தைத் தரையில் வைத்துக் கையை எடுத்தார். இரண்டடி பின்னால் நகரக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பந்து கிளம்பிவிட்டது. நான்கு கார்களைத் தாண்டி, புல் வெட்டும் ஆட்கள் வந்த ஒரு வேனுக்கு அடியில் போய் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் முதல் குழிக்கான கொடி வானத்தில் பறந்தது.

பெயர் பதிகிறவரிடம் ஓடினார். "எண்பத்தெட்டுன்னு போட்டிருந்தீங்களே!"

"ஆமாங்க, எண்பத்தெட்டுதான். ஸ்லோப்னா மேடு பள்ளம் இல்லீங்க. புதுசா ஆடறவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்ங்கிற கணக்கு. எங்களுது ரொம்ப லேசு."

"லேசா? இதா?" என்று மலையைக் காட்டினார்.

"ஆடறதுக்கு லேசு. நடக்கறதுக்கு நாங்க நம்பர் போடறதில்ல."

மூன்று வருடமாகத் தப்பான கணக்கில் சரியான விடை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மைதானங்கள் இயல்பிலேயே சமதரை என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. மேட்டில் பேட்டரி வண்டி விடுவதில்லையாம். அவர் முகத்தை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. காருக்குத் திரும்பி வந்து, "வாம்மா, போயிடலாம். நான் தப்பாப் பாத்துட்டேன்" என்றார்.

அந்த அம்மா கார்க் கதவைத் திறந்து, இடது காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். மேட்டைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"பந்து எங்க?"

"வேனுக்கு அடியில."

"போய் எடுத்துட்டு வாங்க. அது நல்ல பந்து."

அவர் வேனுக்கு அடியில் படுத்து ஊர்ந்து பந்தை எடுத்து வந்தபோது, அந்த அம்மா காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டி முடித்திருந்தார்.

மேட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வைத்தியம் பார்த்த கால் முதலில். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தவர் படிக்கட்டுக்குச் சொன்ன விதி இது. அந்த அம்மா அதைப் புல்லுக்கும் வைத்துக்கொண்டார். "நல்லது முன்ன... நல்லது முன்ன..." என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். பின்னால் அவர், இரண்டு தோளிலும் இரண்டு மட்டைப் பைகள், இரண்டு கைகளும் முன்னால் ஏந்தியபடி. மூன்றாவது குழியில் அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "கையை ஏந்திட்டு வராதீங்க. நான் என்ன லிஃப்டா, அறுந்து விழ?" கைகள் இறங்கின. நான்கடி போனதும் தாமாக ஏறிக்கொண்டன.

ஆட்டம் அந்த எண் சொன்னபடியே இருந்தது. புல்பாதைக்கு இரண்டு பக்கமும் மேடு. இடதுபுறம் தப்பாக அடித்தாலும் வலதுபுறம் தப்பாக அடித்தாலும் பந்து சறுக்கிக்கொண்டு நடுவுக்கே வந்தது. ஒரு பந்துகூடத் தொலையவில்லை. பின்னால் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவர் பதறி, செருமல் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவோ ஓரமாக ஒதுங்கி, "நீங்க முன்ன போங்க, எங்களுக்கு அவசரம் இல்ல" என்று கைகாட்டிவிட்டார். மூன்று வருடமாகப் படிவம் போட்டு ஆராய்ந்த பிரச்சினை அரை நிமிடத்தில் தீர்ந்தது.

ஐந்தாவது குழிதான் உச்சி. அங்கே கிடந்த பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்தார். வெகுநேரம் எழவில்லை. அவர் பைகளை இறக்காமல் அப்படியே நின்றார்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மட்டைகள் விற்றே போய்விட்டன என்று நானும் நினைத்தேன்.

"கீழ பாருங்களேன்" என்றார் அந்த அம்மா. கீழே, நாங்கள் ஏறி வந்த பாதையும், தீப்பெட்டி அளவில் எங்கள் காரும். "எட்டு மாசமா தடுக்குமோ தடுக்குமோன்னு தரையையே பாத்து நடந்திருக்கேன். இப்பத்தான் தலையைத் தூக்கினேன்." பிறகு எழுந்து மட்டைக்குக் கை நீட்டினார். அவர் கொடுத்தது தன் மட்டையை. அந்த அம்மா அதைத் திருப்பிக் கொடுத்து, தன்னுடையதை அவர் தோளிலிருந்து உருவிக்கொண்டார்.

ஒன்பது குழி முடிவில் அந்த அம்மா ஐம்பத்தெட்டு அடி, இவர் அறுபத்து மூன்று; கோல்ஃபில் குறைவாக அடித்தவருக்குத்தான் வெற்றி. அந்த அம்மாவின் பழைய கணக்கைவிட மூன்று அடி குறைவு. கார் நிறுத்தத்தில் அவர் படிவத்தை எடுத்து 'நடை' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். அந்த அம்மா அவர் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தன் மட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "அடுத்த மைதானம் நான் பாக்கறேன். எல்லாமே தட்டையா இருந்தா என்னங்க ஆட்டம்?" அவருக்குத் தோற்ற சந்தோஷத்தில் எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. வரும் வழியெல்லாம் அறுபத்து மூன்றை யாரோ கேட்டதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

குடியிருப்பு வாசலில் இறங்கியதும் வழக்கம்போல் முன்னால் போய் லிஃப்டின் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. லிஃப்டின் தரையும் வாசலின் தரையும் ஒரே கோடாக நின்றன. கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அம்மா அவரைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். "நல்லது முன்ன" என்றார்.

அவர் லிஃப்ட் கதவை விட்டார். தோளில் இரண்டு பைகளோடு மனைவிக்குப் பின்னால் வந்து நின்றார். முதல் படியில் அந்த அம்மா கால் வைத்ததும் அவருடைய இரண்டு கைகளும் எழுந்தன. பாதி தூரம் போன கைகளைத் திருப்பிக் கொண்டுவந்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறினார்.