ஒத்திகையோடு நின்ற கட்டளை

மருந்தம்மா என்று சொன்னால்தான் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் ஆள் தெரியும். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் நின்றவர். டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் எழுத்தெழுத்தாகப் படிப்பார். படிக்க முடியவில்லையென்றால் மாத்திரையைத் தொடமாட்டார், வரிசையில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் சரி. ஓய்வு பெற்ற மறு வருடமே கணவர் போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் விமானத்தில் பதினோரு மணி நேரத் தொலைவில். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு, மகன் விட்டுப்போன பழைய லேப்டாப். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்து, கட்டளை அடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான்.

மகன் பேசாமல் இல்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். "சாப்டியாம்மா? மாத்திரை போட்டியா? சரி, வச்சிடவா?" யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்றே நிமிடம். அப்புறம் ஏழு நாளைக்கு வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவதுதான் பேச்சு.

போன வருடம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. குறுக்கெழுத்துப் புதிர் போட ஒரு பழைய நிரல். எழுதியவரே கைவிட்டு வருஷக் கணக்காகிறது. மூல நிரலை இறக்கி, ஓடுகிற நிரலாக நாமேதான் கட்டி, அதாவது பில்ட் செய்துகொள்ள வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். எழுபத்தொரு சதவீதத்தில் பிழை சொல்லிவிட்டு பில்ட் நின்றது. அதற்குத் தேவையென்று வந்து இறங்கிய எண்பத்து மூன்று துணை நிரல் பேக்கேஜ்களோ நகர்வதாக இல்லை. கல்யாணம் நின்றுபோன வீட்டில் வாடகைப் பாத்திரம் கூடம் முழுக்கக் கிடக்குமே, அந்த மாதிரி. சின்ன டிஸ்க் வேறு. இடமில்லை என்று எச்சரிக்கை வந்துவிட்டது.

மகன் போனில் பேசிக்கொண்டே, அங்கிருந்தபடி இணையம் வழியாக அம்மாவின் திரைக்குள் வந்தான். இனித் தேவைப்படாதவற்றை மொத்தமாக நீக்கும் கட்டளையை அடித்தான். போகப்போகும் பெயர்களை வரிசையாகக் காட்டி, நீக்கலாமா என்று கேட்டது அது.

"ஆமாங்கறதுக்கு ஒய்-னு அடிச்சிடும்மா."

"இருடா. படிக்காம எப்படி?"

ஒவ்வொன்றாகப் படித்தார். நாற்பத்தேழாவது பெயரில் விரல் நின்றது. "இது வை-ஃபை சம்பந்தப்பட்டது மாதிரி இருக்கே. இதைத் தூக்கிட்டா அப்புறம் நீ எப்படிடா உள்ள வருவே?"

"ஐயையோ, ஆமாம்மா! நல்லவேளை!"

அது எப்படி அந்தப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது என்று ஆராய்ந்து, அதை மட்டும் 'வேண்டும்' என்று குறித்து, மற்றதை நீக்கி முடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. நடுநடுவே மகனின் ஆபீஸ் சண்டை, பேத்திக்கு விழுந்த முன்பல் எல்லாம் வந்தது. போனை வைத்தபோது மருந்தம்மாவுக்கு மனசு நிறைந்திருந்தது.

பிறகென்ன? அடுத்த மாதமும் அதே நிரலை பில்ட் செய்தார். அது தேறாது என்று தெரியும், தெரிந்தேதான் செய்தார். அதற்கடுத்த மாதமும். "மறுபடியும் வந்து குந்திடுச்சுடா, எல்லாம்." ஏமாற்று வேலைதான், சந்தேகமென்ன! அவருக்கே கூசியது. ஆனால் ஒவ்வொரு பெயராகப் படித்துப் பேசிக்கொண்டிருக்க ஐம்பது நிமிடம் கிடைத்தது.

நான்காவது முறை, பில்ட் நின்றதும் சனிக்கிழமையே தனியாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். அந்தக் கட்டளைக்கு ஒரு சின்ன வாலைச் சேர்த்தால் எதையும் அழிக்காது, எதெது போகும் என்று மட்டும் காட்டும். ஏதாவது ஏடாகூடமாகிவிடக் கூடாதே என்ற பயம். மறுநாள் திரைக்குள் வந்த மகன், கட்டளையை முழுதாக அடிக்கச் சோம்பி, மேல் அம்புக்குறியைத் தட்டினான். முன்பு அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் விசை அது. மருந்தம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனைக்கும் அடி சறுக்கும், அவ்வளவுதான்.

முதல் தட்டுக்கு ஒத்திகைக் கட்டளை வந்தது. இன்னும் தட்டினான். தேறாத அந்த பில்ட் வந்தது, போன மாதத்து பில்ட் வந்தது, அதற்கு முந்தையதும்.

"அம்மா, இதெல்லாம் நீ அடிச்சதா?"

மருந்தம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"உனக்கேதான் தெரியுதே. அந்த வாலை எடுத்துட்டு ஒரு தட்டு தட்டியிருந்தா முடிஞ்சுது. அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூப்பிடறே?"

"தெரியாதவளா இருந்தாத்தானேடா நீ கொஞ்ச நேரம் உக்கார்றே."

மகன் வாலை அழித்துவிட்டு விசையைத் தட்டினான். எண்பத்து மூன்றும் கடகடவென்று போயின. "பாப்பாவை நீச்சல் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போகணும்மா," என்று சொல்லி வைத்துவிட்டான்.

மருந்தம்மாவுக்கு அவமானமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். இருந்த ஒரு வழியையும் தானே அடைத்துக்கொண்டோமே என்று அழுதார். அந்த வாரம் முழுக்க லேப்டாப்பைத் திறக்கவில்லை.

ஞாயிறு போன் வந்தது.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

அடுத்து 'வச்சிடவா' வரவேண்டும். வரவில்லை.

"அம்மா, லேப்டாப்பைத் திற. நான் உள்ள வரேன்."

"எதுக்குடா? ஒண்ணும் கெடலையே. சத்தியமா நான் எதையும் தொடலை."

"திறயேம்மா."

திறந்தார். மகன் அதே கட்டளையை எழுத்தெழுத்தாக, நிதானமாக அடித்தான். நீக்குவதற்கு எதுவும் இல்லை, பூஜ்யம் என்று வந்தது.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல," என்றார் மருந்தம்மா.

"இருக்கும்மா. சரிபண்ண ஒரு மணி நேரமாவது ஆகும்." போனில் நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. பிறகு கேட்டான்: "இந்த வாரம் யார் யார்கூடல்லாம் பேசினே?"

மருந்தம்மா திங்கட்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தார்.

"இப்பத்தான்டா," என்றார். "உன்கூட."