மலை சிவந்தது, போனுக்குத் தெரியவில்லை

முதலில் மன்னிப்பு. போட்டோ பிடிப்பதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? பள்ளிக்கூடத்தில் படித்தது சாதாரண தரப் பரீட்சை வரை. கையில் இருப்பது கெமரா அல்ல, மூலையில் கண்ணாடி வெடித்த ஒரு போன். கல்யாண வீட்டில் யாராவது படம் எடுக்க வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். இந்தப் பக்கத்தில் வாராவாரம் எழுதுவதே பெரிய துணிச்சல். அதில் இது வேறு! பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வரி: கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். சாரிக்குப் பொருந்துகிற பிளவுஸ் துணியை நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. இருபது வருடமாக அதே மேசை.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை ஒரு அம்மா கடைக்குத் திரும்பி வந்தார். நான் கொடுத்த துணியை மேசையில் போட்டார். பீச் பழ நிறச் சாரிக்கு நான் வெட்டிக் கொடுத்திருந்தது ஒனியன் பிங்க். வெங்காயத் தோலின் உள்பக்கம் இருக்குமே, அந்த நிறம். இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான். ஆனால், அக்காவையும் தங்கையையும் மாற்றிக் கட்டி வைக்க முடியுமா?

முதலாளி ஹாஜியார் அந்த அம்மாவுக்கு வேறு துணி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை.

"தங்கச்சி, இது ரெண்டாவது தரம். ஒங்கட கண்ணுல ஏதாச்சும் இரிக்கா, சொல்லுங்க."

"இல்ல முதலாளி."

"பெருநாள் வியாபாரம் வருது. ரெண்டு வாரம் பார்ப்போம். சரிவராட்டி நீங்க பெக்கிங் பக்கம் போங்க. கலர் மேசைய வேற ஆளுக்குக் குடுப்போம்."

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த பெரிய வாதம் அதுதான்.

துணியை மடித்துப் பையில் போடுகிற பெக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால், எனக்கென்று ஊரில் இருக்கிற ஒரே பெயர் 'கலர் அக்கா'. அதுவும் போனால்...?

மறுநாள் காலை எங்கள் ஊர் மடுல்கெல்லயில் கடைக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்கும்போது தற்செயலாக மேலே பார்த்தேன். தேயிலை முடிகிற இடத்துக்கு மேல் காடு. அதில் ஒரு சிவப்பு. சிவப்பு என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். பச்சைக்கு வெட்கம் வந்த மாதிரி!

நமக்கு வசந்தகாலம் இல்லை என்கிறார்கள். ஒரே மழை, ஒரே வெயில், வருடம் முழுக்கப் பச்சை. யார் சொன்னது? மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரத்தில் காட்டு மரங்கள் கொழுந்து விடும். சிங்களத்தில் 'கீன' என்கிறார்களே, அந்த மரத்தின் கொழுந்து பச்சையாகப் பிறப்பதில்லை. சிவந்து பிறந்து, பத்துப் பதினைந்து நாளில் பச்சையாகிவிடும்.

போனை எடுத்தேன். பிடித்தேன். பார்த்தேன்... பச்சை. சுத்தப் பச்சை.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். "மேல பாருங்க, செவப்பு தெரியுதா?" என்று கேட்டேன்.

"காடு பச்சையாத்தான் இருக்கும்," என்றார், பார்க்காமலே.

போனுக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. அப்படியானால் அந்தச் சிவப்பு மலையில் இருக்கிறதா, என் கண்ணில் இருக்கிறதா?

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அந்த நிறத்தைப் படம் எடுத்தே தீருவது. எடுத்துவிட்டால் கண் சரி, மேசை என்னுடையது. எடுக்க முடியாவிட்டால் நானே போய் பெக்கிங்கில் நின்றுகொள்வது.

ஞாயிறு பகல் ஏறினேன். உச்சி வெயில். எல்லா இலையும் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னியது. நாற்பது படம், நாற்பதும் வெள்ளை. திங்கள், செவ்வாய், புதன் - பஸ் வருமுன் ரோட்டில் நின்று எடுத்தேன். பச்சை, பச்சை, பச்சை. இந்தப் போன்கள் இருக்கின்றனவே, கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் அப்புகிற மாதிரிப் பச்சைக்கு மேல் பச்சை அப்புகின்றன. மெல்லிய நிறத்தைக் கண்டால் 'ஐயோ, அழுக்கு' என்று துடைத்துவிடுகின்றன.

வியாழக்கிழமை கடையில் ஒரு சாரியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போதுதான் மண்டையில் உறைத்தது. நாங்கள் டியூப் லைட்டில் நிறம் பார்ப்பதில்லை. வாசலுக்குக் கொண்டு போவோம், அதுவும் வெயிலில் அல்ல, நிழலில். சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு வெள்ளை லைனிங் துணியை வைப்போம். வெள்ளை பக்கத்தில் இருந்தால் மற்ற நிறங்கள் பொய் சொல்லாது. இருபது வருடம் செய்கிற வேலையை மலையில் ஏன் செய்யவில்லை நான்?

அடுத்த ஞாயிறு விடிந்ததும் புறப்பட்டோம். வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு. பையில் வெட்டி விழுந்த துண்டுத் துணிகள் - வெள்ளை, பீச், ஒனியன் பிங்க்.

"என்னா புள்ள, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"பேசாம வாங்க."

"அளவு டேப்பு கொண்டாந்தியா?"

காட்டோரத்துக்கு வந்தபோது மலையில் மெல்லிய மூட்டம். வெயில் இன்னும் இறங்கவில்லை. இதுதான் வாசல் வெளிச்சம்! அவரைக் கீன மரத்தடியில் நிறுத்தி, வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன்.

"சண்டையில தோத்தவன் மாதிரி நிக்கிறேன்."

"கொஞ்சம் எடப்பக்கம்."

போனில் அந்தத் துணியைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

வந்தது!

பச்சைக்கு மேலே, ஊதினால் பறந்துவிடும் போல ஒரு சிவப்பு. மரத்துக்கு மரம் வேறு வேறு. வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார்.

"அட... நெசமாத்தான். இத்தன வருசமா இங்கதான இருந்துச்சு?"

என் வாழ்க்கையில் அவர் என்னிடம் தோற்றதாக ஒப்புக்கொண்ட ஒரே காலை அது. அதோடு இறங்கியிருக்கலாம்.

விறகுக்கு வந்த பாக்கியம் - கீழே லயத்து வீட்டு வரிசையில் இருக்கிறவள் - எங்களைப் பார்த்துச் சுமையை இறக்கினாள்.

"என்னாக்கா, காட்டுல துணி காயப் போடுறீங்களா?"

சந்தோஷத்தில் எனக்கு வாய் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். ஒரு கொழுந்தைக் கிள்ளி, இரண்டு துண்டுத் துணிகளின் மேலும் வைத்துக் காட்டினேன்.

"பாரு, ரெண்டுலயும் பொருந்துது!"

பாக்கியம் சிரித்தாள். "ரெண்டுலயுமா? நல்லாருக்கே! இதுலதான் பொருந்துது. அதுல மஞ்ச ஓடுதே." அவள் தொட்டது ஒனியன் பிங்க். மஞ்சள் ஓடுவது பீச்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். காட்டைப் பார்க்காமலே பச்சை என்று சொன்ன மனிதர். அவரும் மெதுவாக ஒனியன் பிங்க்கைத்தான் தொட்டார். இந்த முறை கேலி இல்லை.

வலது கண்ணைப் பொத்தினேன். இரண்டு துணியும் ஒரே துணி. இடது கண்ணைப் பொத்தினேன். மயிரிழை அளவு வித்தியாசம்... ஆனால் இருந்தது. பாக்கியம் சொன்ன மஞ்சள் அங்கே ஓடியது.

ஆக, மலையும் பொய் சொல்லவில்லை, அந்தச் சாரி அம்மாவும் பொய் சொல்லவில்லை. ஒரு கண் நல்லது, ஒரு கண் கெட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு இத்தனை மாதம் நிறம் பார்த்திருக்கிறேன். பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'இல்ல முதலாளி' என்று வேறு சொல்லியிருக்கிறேன்!

"போட்டோ வந்துருச்சில்ல, அத மொதலாளிக்குக் காட்டு. கண்ணு நல்லாருக்குன்னு சொல்லு," என்றார் வீட்டுக்காரர், இறங்கும்போது. அவருக்கு என் மேல் பாசம்.

காட்டலாம்தான். அழகான படம்தான். ஆனால் அது நல்ல கண் எடுத்த படம். மேசைக்கு வருகிறவர்களுக்கு நான் இரண்டு கண்ணாலும் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

மறுநாள் திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கண் கிளினிக்குக்குப் போனேன். இடது கண்ணில் புரை என்றார்கள், ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பகல் கடைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; கலர் மேசைக்கே போகச் சொன்னார். அன்று பின்னேரம் மூன்று சாரிக்குத் துணி பார்த்துக் கொடுத்தேன், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு.