பேபி கிளாஸ் பிலோமினா டீச்சர்

பிலோமினா டீச்சர் போய்விட்டார்.

காலையில் சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்கும்போது எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தேன். அதே மூக்குக் கண்ணாடி... டீ ஆறிப்போனது.

அவர் ஸ்கூலில் நான் ஒருநாள்கூடப் படித்ததில்லை. ஆனாலும் எனக்கு டீச்சர்தான். 'பேரன்ட்' கோட்டாவில்!

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினைந்து வயது, தங்கச்சி பாப்பாவுக்கு நாலு. அம்மா இறந்து சில மாதங்கள்தான். அப்பாவுக்கு மறைமலை நகர் கம்பெனியில் ஷிப்ட்.

பால்வாடியில் மதியமே அனுப்பிவிடுவார்கள். நான் ஸ்கூல் முடிந்து வரும்வரை பிள்ளையை வைத்துக்கொள்வது கான்வென்ட் பேபி கிளாஸ் மட்டும்தான்.

அங்கே சீட் கிடைக்காவிட்டால் பாப்பா அரக்கோணத்தில் அத்தை வீட்டுக்கு. அவள் துணிமணியை அத்தை மூட்டை கட்டியே வைத்துவிட்டார். அப்புறம் அந்த வீட்டில் நான் மட்டும்... சுவரிடம்தான் ஜோக் அடிக்க வேண்டும்.

அட்மிஷன் அன்று அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் பாப்பாவைக் கூட்டிப்போனேன். சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு.

கான்வென்ட் கேட்டில் சிலுவையைப் பார்த்ததும்தான் உறைத்தது. சர்ச் ஸ்கூலாச்சே, பட்டையைப் பார்த்தால் சீட் போச்சே என்று எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டேன். எனக்கும், அவளுக்கும்.

உள்ளே போனால்... சிஸ்டர் நெற்றியில் சாம்பல். ஆயா நெற்றியில் சாம்பல். கிளார்க் நெற்றியிலும்! அன்று அவர்களுக்கு விபூதிப் புதனாம். மொத்த ஸ்கூலிலும் துடைத்த நெற்றியோடு நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.

பேபி கிளாஸ் டீச்சர் என்று உட்கார்ந்திருந்தவர் பாப்பாவை உற்றுப் பார்த்தார். "என்னடா, நெத்தி பாதி அழிஞ்சிருக்கு?"

"நான்தான் டீச்சர் கேட்டாண்ட அழிச்சேன். இங்க இன்னாடான்னா எல்லாரும் நம்ம ஆளா கீறீங்க!"

பிலோமினா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சிரிக்கவில்லை. "அம்மா எங்க? அம்மா வராம அட்மிஷன் கிடையாது."

"அம்மா செத்துப்போச்சு சிஸ்டர். நான் வேணா பொடவ கட்டிக்கினு வரட்டா?"

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார்.

"புள்ளைக்கு ஜுரம் வந்தா யாருப்பா வந்து தூக்கிட்டுப் போவா?" சிஸ்டர் நியாயமாகத்தான் கேட்டார்.

"நான் பாத்துக்கறேன் சிஸ்டர்" என்றார் பிலோமினா டீச்சர். "என் வீடு பின்னாடிதானே."

அவ்வளவுதான். சீட் கிடைத்தது.

அப்புறம் ஒருநாள் அம்மாக்கள் மீட்டிங். குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு, இத்தனை சேலைகளுக்கு நடுவே ஒரே பேன்ட் நான்.

"செல்வி வீட்லேருந்து யாரு?" பாப்பாவின் ஸ்கூல் பெயர் அது.

"வந்துகீறேன் டீச்சர்!" என்றேன், பொம்பளைக் குரலில். எல்லா அம்மாக்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "உக்காருங்க. புள்ள மதியம் சோத்த மிச்சம் வைக்குது. என்ன கட்டிக் குடுக்கறீங்க?"

என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்ட முதல் ஆள்.

"சோறும் ஊறுகாவும் டீச்சர். அதான் எனக்கு வரும்."

மறுநாளிலிருந்து பாப்பா வாயில் முட்டை வாசனை. கேட்டால், "டீச்சரு குட்தாங்கோ." டீச்சரிடம் கேட்டால், "எங்க வூட்டுக் கோழிக்குப் பொழுது போகல, போடா."

இன்று போஸ்டரைப் பார்த்த கையோடு பாப்பாவுக்கு போன் போட்டேன். மஸ்கட்டில் இருக்கிறாள்.

"எந்த டீச்சர்ண்ணா? ஞாபகமே இல்லியே... டூட்டில கீறேன், அப்பறம் பேசட்டா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு வயதுப் பிள்ளை. அப்பா இல்லை, அந்த சிஸ்டரும் போய்ப் பல வருஷம். 'நான் பாத்துக்கறேன்' என்று டீச்சர் அன்று சொன்னதைக் காதால் கேட்டவன் இப்போது நான் ஒருத்தன்தான்.

சாயந்திரம் சர்ச்சில் அடக்கம். ஷிப்ட் மாற்றிக்கொண்டு போகிறேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

டீச்சர்... உங்களால்தான் அந்த வருஷமெல்லாம் சாயந்திரம் எங்கள் வீட்டில் என்னோடு சண்டை போட ஒரு ஆள் இருந்தது.

போய்ட்டு வாங்க.